முன் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்றுவது எப்படி

ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது காரின் முன்பக்கம் ‘டங்’ என்று தட்டுகிறது. சமதளத்தில் நிறுத்தினால் ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிற்கிறது. இதைச் சொன்னதுமே ‘ஷாக் அப்சார்பர் போயிடுச்சு’ என்று பதில் வரும். ஆனால் வண்டியின் எடையைத் தாங்கி உயரத்தைப் பிடித்து நிறுத்துவது காயில் ஸ்பிரிங்தான். அந்த ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. ஷாக் செத்துப்போனால் வண்டி ஆடும், குதிக்கும், தாழாது. தாழ்ந்து நிற்கிறதென்றால் ஸ்பிரிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இங்கே சொல்வது மெக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்புக்கான முறை. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தண்டில் சேர்ந்து, கீழே இரண்டு போல்ட்டில், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடும் மேலே மூன்று நட்டில் பாடியோடும் மாட்டியிருக்கும். சான்ட்ரோ, ஐ10 போன்ற ஹூண்டாய் சின்ன கார்களில் இருப்பது மெக்பர்சன் ஸ்ட்ரட்தான். சில கார்களில் மேலே மூன்று சின்ன நட்டுக்குப் பதிலாக நடுவில் ஒரே பெரிய நட் இருக்கும். அதற்கு அந்த வண்டியின் ஒர்க்‌ஷாப் மேனுவலில் உள்ள வரிசையைத்தான் பின்பற்ற வேண்டும். இன்னோவா கிரிஸ்டா போன்ற டபுள் விஷ்போன் வண்டிகளுக்கும் இந்த முறை பொருந்தாது.

ஸ்பிரிங்தானா என்று உறுதி செய்வது

டயர்களில் காற்று சமமாக இருக்கட்டும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுத்துவிடும். இடதுக்கும் வலதுக்கும் 10–15 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்படலாம்.

ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி, டார்ச் அடித்து ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றைப் பாருங்கள். ஸ்பிரிங் பெரும்பாலும் உடைவது அங்கேதான். ஸ்பிரிங் உட்காரும் கீழ்த் தட்டில் (சீட்) மண்ணும் தண்ணீரும் தங்கும்; கல் பட்டுப் பெயின்ட் உரிந்த இடத்தில் துரு ஏறும்; துரு பிடித்த அந்தப் புள்ளியில் ஒரு நாள் விரிசல் விடும். கடற்கரை ஊர் வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. உடைந்த துண்டு சீட்டிலேயே உட்கார்ந்திருக்கும், மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. விரலால் அந்த வளையத்தைத் தொடர்ந்து தடவிப் போங்கள்: நுனி செதுக்கியதுபோல் மழமழவென்று முடிந்தால் நல்ல ஸ்பிரிங், சொரசொரவென்று கூராக முடிந்தால் உடைந்தது. உடைந்த நுனி வெளியே நகர்ந்து டயரின் பக்கவாட்டைக் கிழிக்கக்கூடும் என்பதால் அந்த நிலையில் வண்டியை ஓட்ட வேண்டாம்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. வண்டி நிற்கும்போது ஒருவர் ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்ப, மற்றவர் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை லேசாக வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றுகளுக்கு நடுவே விரலை விடக் கூடாது. ஸ்பிரிங் இழுபட்டு இழுபட்டு ‘டக்’ என்று குதித்தால், மேலே உள்ள ஸ்ட்ரட் பேரிங் இறுகிவிட்டது என்று அர்த்தம். ஸ்பிரிங் நன்றாகவே இருந்தாலும் பேரிங்கை மாற்றியாக வேண்டும். வேலை ஏறக்குறைய இதேதான்.

வாங்க வேண்டியவை

ஸ்பிரிங்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வண்டி சாய்ந்தே நிற்கும், பிரேக் அடித்தால் ஒரு பக்கம் இழுக்கும். பெட்ரோல், டீசல், சிஎன்ஜி, ஏசி உள்ளது, இல்லாதது என்று ஒரே மாடலுக்குள்ளேயே ஸ்பிரிங் மாறும், ஏனென்றால் முன்பக்க எடை மாறுகிறது. சில வண்டிகளில் இடது வலதுகூட வேறு வேறு. பழைய ஸ்பிரிங்கில் உள்ள பெயின்ட் கோடுகளின் நிறம் இதற்காகப் போட்டதுதான். கடையில் மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள்.

கூடவே ஸ்ட்ரட் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பாடியோடு இணைக்கும் தாங்கி), பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுவதும் அழுந்தும்போது முட்டும் ரப்பர்), டஸ்ட் கவர், ஸ்பிரிங் சீட் ரப்பர் ஆகியவற்றை இரண்டு பக்கத்துக்கும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே இடத்தில் அடுக்கியிருப்பவை. இன்று பிரித்துவிட்டுப் பழைய பேரிங்கையே போட்டால் சில மாதத்தில் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். ஷாக் தண்டின் மேல்நுனியில் உள்ள நடு நட் புதிதாக இருப்பது கட்டாயம். அது லாக் நட், ஒருமுறை கழற்றினால் பிடிமானம் குறையும். ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இருந்தாலோ, வண்டி லட்சம் கிலோமீட்டரை நெருங்கியிருந்தாலோ ஷாக்கையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. உழைப்பு ஒன்றுதானே.

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே சொருகும் ரப்பர் பஃபர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கிரவுண்ட் கிளியரன்ஸ் கூடும் என்று அவற்றை விற்கிறார்கள். தொய்ந்த ஸ்பிரிங்கை அது குணப்படுத்தாது. இரண்டு சுற்றை அசையவிடாமல் பிடித்துக்கொள்வதால் மற்ற சுற்றுகள் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது, ஏற்கெனவே களைத்த ஸ்பிரிங் இன்னும் வேகமாக உடையும். ஸ்பிரிங்கை வெட்டுவதும், சூடுபடுத்தி உயரத்தைக் குறைப்பதும் அதைவிட ஆபத்து. சூட்டில் அந்த எஃகின் பதமே போய்விடும்.

கருவிகள்

2 டன் ஹைட்ராலிக் ஜாக்கி, ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்ட், பின் சக்கரத்துக்கு முட்டு, 12 முதல் 21 வரையிலான சாக்கெட்டும் ஸ்பேனரும், நீளமான பிரேக்கர் பார், டார்க் ரென்ச் (இறுக்கத்தை நியூட்டன் மீட்டரில் அளந்து இறுக்கும் கருவி), ஆலன் கீ செட், ரப்பர் சுத்தியல், துரு இளக்கும் ஸ்பிரே, பெயின்ட் மார்க்கர், கட்டுக்கம்பி அல்லது கயிறு. இவற்றோடு ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் ஒரு ஜோடி.

வேலையிலேயே உயிருக்கு ஆபத்து உள்ள இடம் கம்ப்ரஸர்தான். வண்டி நிற்கும்போது ஒவ்வொரு முன் ஸ்பிரிங்கும் ஏறத்தாழ 250–300 கிலோவைத் தாங்குகிறது. ஸ்ட்ரட்டைக் கழற்றிக் கையில் எடுத்த பிறகும் அது முழுக்கத் தளர்ந்துவிடுவதில்லை. மேல் சீட்டுக்கும் கீழ் சீட்டுக்கும் நடுவே அழுந்தியேதான் இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது நடுவில் உள்ள அந்த ஒரே நட். கம்ப்ரஸர் போடாமல் அதைக் கழற்றினால் மவுண்ட்டும் ஸ்பிரிங்கும் முகத்துக்கு நேராகப் பாயும். இந்தக் குறிப்பில் வேறெதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

கம்ப்ரஸரைக் கையில் எடுத்ததும் கொக்கிகளைப் பாருங்கள். விரிசல், வளைவு, மழுங்கிய மரை இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். கொக்கியில் சேஃப்டி பின் உள்ள வகையாக இருந்தால் நல்லது. ராடின் மரையில் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள். நல்ல கம்ப்ரஸர் கிடைக்கவில்லையா? ஸ்ட்ரட்டை மட்டும் வீட்டில் கழற்றி, பெஞ்ச் கம்ப்ரஸர் உள்ள ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போய் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வாங்கி வரலாம். கயிறு, செயின், கட்டுக்கம்பி வைத்து ஸ்பிரிங்கைக் கட்டிக் கழற்றும் வழக்கத்தை யார் காட்டிக்கொடுத்தாலும் பின்பற்றாதீர்கள்.

ஸ்ட்ரட்டைக் கழற்றுவது

முந்தைய நாள் ராத்திரியே நக்கிள் போல்ட்டுகளிலும் லிங்க் ராட் (ஸ்ட்ரட்டையும் ஸ்டெபிலைசர் பாரையும் இணைக்கும் சின்னத் தண்டு) நட்டிலும் துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து வையுங்கள். பிரேக் டிஸ்க்கில் பட்டுவிடாமல் துணியால் மறைத்துக்கொள்ள வேண்டும்.

சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். பிறகு முன்பக்கம் இரண்டையும் தூக்கி, கதவுக்குக் கீழே உள்ள பாடி விளிம்பில் (சில்) பலப்படுத்திய இடத்துக்கு அடியில் ஸ்டாண்டுகளை வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், லிங்க் ராட் போல்ட் எளிதில் வெளியே வராது, திரும்ப மாட்டும்போதும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஸ்டாண்ட் வைத்த பிறகு வண்டியை ஒருமுறை பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும்.

சக்கரத்தை எடுத்ததும் முதல் வேலை அடையாளம் போடுவது. ஸ்ட்ரட்டின் கீழ் பிராக்கெட் நக்கிளில் உட்கார்ந்திருக்கும் விளிம்பைச் சுற்றிப் பெயின்ட் மார்க்கரால் கோடு இழுங்கள். அந்த ஓட்டைகளில் போல்ட் கொஞ்சம் அசைய இடம் இருக்கும். அதுதான் கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணத்தை, தீர்மானிக்கிறது. கோடு இருந்தால் திரும்பவும் ஏறக்குறைய அதே இடத்தில் உட்காரவைக்கலாம். மேலே மவுண்ட் பாடியில் எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கும் ஒரு புள்ளி வையுங்கள்.

ஸ்ட்ரட்டில் மாட்டியிருக்கும் பிரேக் ஹோஸ் பிராக்கெட்டையும் ஏபிஎஸ் சென்சார் ஒயர் கிளிப்பையும் கழற்றி ஒதுக்குங்கள். பிரேக் லைனைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்து லிங்க் ராட். நட்டைத் திருப்பினால் உள்ளே பால் ஜாயின்ட் தண்டும் சேர்ந்து சுற்றும். அதன் நுனியில் ஆலன் கீயை விட்டுப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் நட்டைக் கழற்றுங்கள். ஆலன் பள்ளத்தில் மண் அடைத்திருந்தால் ஊசியால் சுரண்டி எடுத்த பிறகே கீயை விட வேண்டும். பாதி இறங்கிய கீ பள்ளத்தை வழித்துவிட்டால் பிறகு கட்டிங் டிஸ்க்தான் வழி.

நக்கிள் போல்ட்டுகளில் எப்போதும் நட்டைத்தான் திருப்ப வேண்டும், போல்ட் தலையை அல்ல. பல வண்டிகளில் போல்ட்டின் கழுத்தில் பல்வரி இருக்கும். தலையைத் திருப்பினால் அது ஓட்டையை அறுத்துவிடும். இரண்டு நட்டையும் கழற்றியதும், ஒரு நட்டைப் போல்ட் நுனியில் சமமாக வரும் அளவுக்குத் திரும்ப ஏற்றி, அதன்மேல் சுத்தியலால் தட்டுங்கள். மரை நசுங்காமல் போல்ட் பின்னால் போகும். போல்ட்டை உருவும் முன் நக்கிளைக் கயிற்றால் கட்டிவிடுங்கள், அல்லது நக்கிளைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்முக்குக் கீழே ஜாக்கியை முட்டுக் கொடுங்கள். கட்டாமல் விட்டால் நக்கிள் வெளிப்பக்கம் சாயும், பிரேக் ஹோஸ் இழுபடும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் கழன்று வந்துவிடலாம். அப்படி வந்தால் வேலை இரண்டு மடங்கு.

கடைசியாகப் பானெட்டைத் திறந்து மேல் நட்டுகள். சில கார்களில் வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் கவுலைக் கழற்றினால்தான் கை எட்டும். மூன்று சின்ன நட்டை மட்டும் கழற்றுங்கள். நடுவில் உள்ள பெரிய நட்டைத் தொடாதீர்கள். கடைசி நட்டைக் கழற்றும்போது ஒருவர் கீழே ஸ்ட்ரட்டைத் தாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அது ஃபெண்டரிலோ டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட்டிலோ விழும்.

ஸ்பிரிங்கை அழுத்துவது

ஸ்ட்ரட்டைத் தரையில் கிடத்தி, மவுண்ட், ஸ்பிரிங் நுனி, கீழ் சீட் மூன்றும் எந்தெந்தக் கோணத்தில் இருக்கின்றன என்று கோடு போட்டு ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்ப்ரஸர்களையும் நேரெதிராக, 180 டிகிரியில் மாட்டுங்கள். முடிந்தவரை அதிகச் சுற்றுகளைக் கொக்கி பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்றை மட்டும் பிடித்தால் தேவையான அளவு சுருங்குவதற்குள் அந்தச் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிவிடும். சேஃப்டி பின் இருந்தால் போட்டுவிடுங்கள்.

இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாறி மாறி, கையால் இறுக்குங்கள். வேகமாகச் சுற்றி இறுக்கும் இம்பாக்ட் கன் வேண்டவே வேண்டாம். அதன் வேகத்தில் மரை சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் முந்திப்போய் ஸ்பிரிங் வாழைப்பழம்போல வளைவதும் கண்ணில் படாது. வளைவு தெரிந்த உடனே நிறுத்தி, பின்தங்கிய பக்கத்தை இறுக்கிச் சரிசெய்யுங்கள். உங்கள் உடம்பு எப்போதும் ஸ்பிரிங்கின் பக்கவாட்டில் இருக்கட்டும். அதன் இரண்டு முனைகளுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

எவ்வளவு அழுத்த வேண்டும்? மேல் சீட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அது லொடலொடவென்று ஆடினால், ஸ்பிரிங்கின் பாரம் நட்டின்மேல் இல்லை என்று அர்த்தம். அசையவில்லையென்றால் இன்னும் சில சுற்று இறுக்குங்கள். ஆடியதும் நிறுத்திவிடுங்கள்; தேவைக்கு மேல் அழுத்துவது கம்ப்ரஸருக்குத்தான் சுமை.

இப்போது நடு நட். தண்டின் நுனியில் ஆலன் கீயோ சின்ன ஸ்பேனரோ பிடிக்க இடம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். தண்டு சுற்றுகிறதே என்று அதன் பளபளப்பான பகுதியை வைஸ் கிரிப்பால் பிடித்துவிடாதீர்கள். அங்கே விழும் ஒரு சின்னக் கீறல் ஷாக்கின் சீலை அறுக்கும், கொஞ்ச நாளில் எண்ணெய் கசிய ஆரம்பிக்கும். நட் வந்ததும் வாஷர், மவுண்ட், பேரிங், மேல் சீட், ரப்பர், ஸ்பிரிங், டஸ்ட் கவர், பம்ப் ஸ்டாப் என்று கழற்றும் வரிசையிலேயே, மேல்பக்கம் மேலாக ஒரு துணியில் அடுக்குங்கள்.

ஷாக்கை நேராக நிறுத்தி, தண்டை முழுவதும் அமுக்கி இழுத்துப் பாருங்கள். வழிநெடுக ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் வெறுமையாகப் போகும் இடமோ, பிடித்துப் பிடித்துப் போகும் இடமோ இருந்தால் அந்த ஷாக்கைத் திரும்பப் போடாதீர்கள்.

பழைய ஸ்பிரிங்கின் சுருங்கிய நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, கம்ப்ரஸர்களை மாறி மாறி, போட்ட வேகத்திலேயே தளர்த்துங்கள். புதிய ஸ்பிரிங்கை அதே நீளத்துக்கு அழுத்தினால் போதும். அதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி, சுற்றுகளின் எண்ணிக்கை, கம்பித் தடிமன், நுனிகளின் வடிவம் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். புதியது கொஞ்சம் உயரமாக இருப்பது இயல்பு.

பூட்டுவது

கீழ் சீட்டில் ஒரு படிக்கட்டு விளிம்பு இருக்கும். ஸ்பிரிங்கின் நுனி அதில் முட்டி உட்கார வேண்டும். பெரும்பாலான தவறுகள் நடப்பது இங்கேதான். நுனி விளிம்பின்மேல் ஏறி நின்றாலும், அதைவிட்டுத் தள்ளி நின்றாலும், வண்டி ஓடும்போது ஸ்பிரிங் ‘டங்’ என்று சுழன்று தன் இடத்துக்குப் போகும், உயரமும் மாறும். மேல் எது, கீழ் எது என்பதைப் பழைய ஸ்பிரிங்கின் நுனியோடு ஒப்பிட்டுத் தீர்மானியுங்கள்.

சீட்டைக் கம்பித் தூரிகையால் துடைத்துத் துரு எடுத்து, ரப்பரை அதன் பள்ளத்தில் சரியாக அமர்த்துங்கள். பேரிங்கை எந்தப் பக்கம் மேலே என்று பார்த்துப் போட வேண்டும். தலைகீழாகப் போட்டால் ஸ்டியரிங் கனக்கும், திருப்பிவிட்டால் தானாகத் திரும்பி வராது. மவுண்ட்டைப் போட்ட குறியோடு சேர்த்து வைத்து, புதிய நட்டைக் கையால் ஏற்றி, பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள். தண்டு 12 மி.மீ. என்றால் பொதுவாக 50–70 நியூட்டன் மீட்டர். இங்கும் இம்பாக்ட் கன் கூடாது.

கம்ப்ரஸர்களைத் தளர்த்தும்போது ஸ்பிரிங்கின் இரண்டு நுனிகளையும் கண்ணால் தொடருங்கள். நகர்ந்தால் நிறுத்தி, மறுபடி அழுத்தி, திருப்பி உட்காரவைக்க வேண்டும். முழுவதும் தளர்ந்த பிறகு மவுண்ட்டைக் கையால் சுழற்றினால் கரகரப்பில்லாமல் சுற்ற வேண்டும்.

வண்டியில் ஏற்றும்போது முதலில் மேல் மூன்று நட்டைக் கையால் பிடிக்கவிடுங்கள். பிறகு நக்கிள் போல்ட்டுகள், லிங்க் ராட், ஹோஸ் பிராக்கெட், ஏபிஎஸ் ஒயர். எல்லாம் இடத்துக்கு வந்த பிறகே டார்க். மேல் நட்டின் மரை 8 மி.மீ. என்றால் 20–30, 10 மி.மீ. என்றால் 40–60 நியூட்டன் மீட்டர் போதும். நீளக் கைப்பிடி போட்டு இறுக்கினால் மவுண்ட்டின் ஸ்டட் முறிந்துவிடும். நக்கிள் போல்ட்டுகளைப் பழைய கோட்டில் சேர்த்து 100–120 நியூட்டன் மீட்டர். இந்த அளவுகள் ஹூண்டாய் சின்ன கார்களில் வழக்கமாக வருபவை. உங்கள் வண்டியின் ஒர்க்‌ஷாப் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. வேலைக்கு நடுவே லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால், அதை மட்டும் வண்டி தரையில் நின்ற பிறகு இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கிய ரப்பர் புஷ், வண்டி இறங்கியதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகு மறுபக்கத்தைத் தொடுங்கள். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள மற்றது பிரிக்காமல் இருக்கும்.

சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, வீல் நட்டுகளை எதிரெதிராக டார்க் செய்யுங்கள். பழைய ஹூண்டாய் சின்ன கார்களுக்கு 88–107 நியூட்டன் மீட்டர்; மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி விட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பி, பிரேக் ஹோஸ் எங்கேயும் இழுபடவில்லை, உரசவில்லை என்று பாருங்கள்.

ஓட்டிப் பார்த்த பிறகு

முதலில் மெதுவாகத் தெருவுக்குள் ஒரு சுற்று. மேடு பள்ளத்தில் ‘டக் டக்’ என்றால் பெரும்பாலும் லிங்க் ராட் நட், அல்லது மேல் நடு நட் சரியாக இறுகவில்லை. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்றால் ஸ்பிரிங் நுனி சீட்டில் உட்காரவில்லை. பிரித்துத்தான் ஆக வேண்டும். கிரீச்சிட்டால் பேரிங்கையோ மேல் ரப்பரையோ பாருங்கள்.

வீல் அலைன்மென்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். உயரம் மாறினால் டோ (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும், நக்கிள் போல்ட்டைக் கழற்றினால் கேம்பர் மாறும். கோட்டில் சரியாகப் பொருத்தியிருந்தாலும் இயந்திரத்தில் பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் புது டயர்கூட ஒரு ஓரமாகத் தேய்ந்துவிடும். முன்பக்கம் உயர்ந்திருப்பதால் ஹெட்லைட் வெளிச்சமும் மேலே போயிருக்கும். எதிரே வருபவர் கண்ணில் அடிக்காதபடி அதையும் இறக்கிவையுங்கள். சுமார் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட், நக்கிள் போல்ட், லிங்க் ராட் நட், மேல் நட் எல்லாவற்றையும் டார்க் ரென்ச்சால் இன்னொருமுறை சரிபார்த்து, ஃபெண்டர் உயரத்தையும் இரண்டு பக்கமும் அளந்து குறித்து வையுங்கள்.